உடை மாற்றும் அறையும் ஊழியரின் மனச்சாட்சியும்

(தொழிலாளர் துறை அலுவலர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் பங்குகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வேலைவாய்ப்பு, கூலி நிர்ணயம், சமூக நீதி என்று பெரிய தலைப்புகளைக் கேட்டுப் பழகிய இந்த அவையில், நான்கடிச் சதுரமுள்ள ஓர் அறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். துணிக்கடையில் ஆயத்த ஆடைகளை அணிந்து பார்ப்பதற்கென ஒதுக்கிய அறை அது. ‘டிரையல் ரூம்’ என்றால் சிறுவர்களுக்கும் விளங்கும். உள்ளே ஒரு கண்ணாடி, சுவரில் இரண்டு கொக்கிகள், கதவு அல்லது திரை, அவ்வளவுதான். வாயிலில் ஓர் ஊழியர் நிற்பார். எத்தனை உடுப்புகள் உள்ளே போகின்றன என்று எண்ணி, எண் பொறித்த அட்டை ஒன்றைத் தருவார். திரும்பி வரும்போது அட்டையை வாங்கிக்கொண்டு மீண்டும் எண்ணிப் பார்ப்பார்.

துணியை எண்ணுவதற்காக நிறுத்தப்பட்ட இந்த ஊழியரிடம், உள்ளே செல்ல வருபவர் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பொறுப்பும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. அவருக்கு யாரும் அதை எழுத்தில் கொடுக்கவில்லை. பெரும்பாலான நாட்களில் அது ஒரு பொறுப்பாகவே தோன்றுவதில்லை. திருநங்கை ஒருவர் புடவையோ சுடிதாரோ கையில் ஏந்தி வந்து நிற்கும் நாளில்தான் அது பொறுப்பாகிறது. அந்த ஊழியர் தம் சமய நம்பிக்கையை முன்னிறுத்தி வழி மறித்தால், இரண்டு உரிமைகள் அந்த நான்கடி அறையின் வாயிலில் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன.

இது கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தது. அங்கே பெரிய விவாதமாகவும் ஆயிற்று. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சான் அன்டோனியோ நிகழ்ச்சி

டெக்ஸாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்பது பெரியதொரு நகரம். அங்குள்ள மேசீஸ் பேரங்காடியில், 2011ஆம் ஆண்டின் இறுதியில், பெண்கள் பிரிவில் பணிபுரிந்த ஓர் இளம்பெண், உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்த வாடிக்கையாளர் ஒருவரை மீண்டும் அங்கே செல்லக்கூடாதென்று தடுத்தார். வாடிக்கையாளர் ஒரு திருநங்கை, அவரும் இளவயதினரே. தாம் பெண் என்று அவர் கூறினார். ஊழியரோ அவரை ஆணென்றே கருதினார். அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டார். உடன் வந்த தோழர்கள் நிறுவனத்தின் கொள்கையை எடுத்துக்காட்டி வாதாடினார்கள். விவகாரம் மேலாளரிடம் சென்றது. திருநர் தமக்குரியதென்று கருதும் அறையைப் பயன்படுத்தலாம் என்பதே கடையின் விதி என்று ஊழியருக்குச் சொல்லப்பட்டது. அதை ஏற்பது தம் சமய நம்பிக்கைக்கு விரோதமானது என்றார் அவர். விதிக்கு உட்பட மறுத்ததால் வேலை போயிற்று. மத சுதந்திரத்துக்காக வழக்காடும் சட்ட அமைப்பொன்று அவர் பக்கம் நின்றது. சமவேலைவாய்ப்பு ஆணையத்திடம் முறையீடு சென்றது.

இந்நிகழ்ச்சியைப் பற்றி அங்கு எழுதியவர்களும் பேசியவர்களும் பெரும்பாலும் இரு அணிகளாகப் பிரிந்து நின்றனர். நம்பிக்கைக்காக ஓர் ஏழைத் தொழிலாளியைத் தெருவில் நிறுத்திவிட்டார்கள் என்றது ஓர் அணி. ஒருவரின் மானத்தை நாலு பேர் முன்னிலையில் வாங்கிவிட்டு அதற்கு மதத்தின் பெயரைச் சூட்டுகிறார்கள் என்றது மறு அணி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் சட்டம் பயிலும் மாணவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அன்று, அந்த ஊரில், எவருக்கு எந்தச் சட்டம் துணையிருந்தது?

விடை சற்று வியப்பானது. ஊழியருக்குச் சட்டத்தின் துணை இருந்தது. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஆம் அத்தியாயம், வேலையில் மத அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்கிறது. 1972இல் செய்த திருத்தத்தின்படி, ஊழியரின் சமய ஒழுக்கத்துக்கு இயன்றவரை இடமளிப்பதும் வேலை கொடுப்பவரின் கடமை. தொழிலுக்கு மிகையான இடர்ப்பாடு நேர்ந்தாலொழிய மறுக்கக்கூடாது. வாடிக்கையாளருக்கோ அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் 2ஆம் அத்தியாயம் விடுதிகளையும் உணவகங்களையும் திரையரங்குகளையும் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. துணிக்கடை போன்ற சில்லறை வணிக நிலையங்கள் அப்பட்டியலில் இல்லை. அதுவும் தவிர, இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகிய நான்கைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. ‘பால்’ என்னும் சொல் அங்கே கிடையாது. சான் அன்டோனியோ நகர மன்றம் பால் அடையாளத்தையும் சேர்த்துப் பாகுபாட்டுத் தடை விதியை நிறைவேற்றியது 2013 செப்டம்பரில்தான். ஆக, 2011இல் அந்தத் திருநங்கைக்கு இருந்த ஒரே அரண் கடையின் சொந்த விதி. கம்பெனி மனம் மாறினால் அதுவும் போய்விடும்.

சட்டம் கைகொடுக்காத வாடிக்கையாளர் வெற்றி பெற்றார். சட்டம் கைகொடுத்த தொழிலாளி வேலை இழந்தார். இதை வணிக நிறுவனத்தின் பெருந்தன்மை என்று சிலர் பாராட்டலாம். எனக்கு அத்தனை நம்பிக்கை இல்லை. பல்லாண்டுகள் தொழிலாளர் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: லாபக் கணக்கில் எழுதப்பட்ட நீதி, கணக்கு மாறும்போது அழிக்கப்படும்.

அணிந்து பார்க்கும் உரிமை

அணிந்து பார்ப்பது அத்தனை பெரிய உரிமையா, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கக்கூடாதா என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்கத் தென் மாநிலங்களின் பழைய வரலாறு இதற்கு விடை தரும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே பல பேரங்காடிகள் கறுப்பின மக்களிடம் காசு வாங்கிக்கொண்டு துணி விற்றன. ஆனால் அணிந்து பார்க்க விடவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்கக்கூடாது. காலணி வேண்டுமென்றால், வீட்டிலேயே காகிதத்தின்மீது பாதத்தை வைத்துக் கோடு வரைந்து, அதை எடுத்து வந்து அளவு காட்ட வேண்டும். அவர்கள் தொட்ட உடையை வெள்ளையர் வாங்க மாட்டார்கள் என்பதே காரணம். பணத்துக்குத் தீட்டில்லை, உடலுக்கு மட்டும் தீட்டு. இத்தகைய ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஏற்பாட்டுக்கும் மதத்தின் பெயரால் வக்காலத்து வாங்கப்பட்டது. தென் கரோலினாவில் ‘பிக்கி பார்க்’ என்ற உணவகத் தொடரை நடத்தியவர், கறுப்பின மக்களுக்கு வெள்ளையரோடு சமமாக உணவு பரிமாறுவது கடவுளின் சித்தத்துக்கு மாறானது என்று நீதிமன்றத்தில் வாதாடினார். 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஆராயத்தக்க வாதமாகவே கருதவில்லை. அற்பமானது என்று ஒதுக்கிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நிறத்தைப் பற்றிய வழக்கை அப்படியே எடுத்துப் பால் பற்றிய வழக்கில் பொருத்துவது எளிது. ஆனால் முழுவதும் பொருந்தாது. நிறத்தின்படி பிரித்த அறைகள் எவருக்கும் தேவைப்பட்டவையல்ல. பெண்களுக்கென்று தனி அறை வைத்ததற்கோ நியாயமான காரணம் உண்டு. உடை களைந்து நிற்கும் நேரத்தில் பிறர் பார்வை படாதிருக்க வேண்டுமென்ற விருப்பம் வெறுப்பிலிருந்து பிறப்பதன்று. ஆகையால் இந்த வாயிலில் நிற்பவர்கள் இருவரல்லர், மூவர்: உள்ளே செல்ல விரும்பும் திருநங்கை, தடுக்கும் ஊழியர், ஏற்கெனவே அடுத்த அறையில் உடை மாற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெண். மூன்றாமவரை மறந்துவிட்டுப் பேசுகிறவர்கள் பாதி வழக்கைத்தான் பேசுகிறார்கள்.

நம்பிக்கைக்கு எவ்வளவு இடம்?

ஊழியரின் நம்பிக்கைக்கு அமெரிக்கச் சட்டம் அளித்த இடம் காலந்தோறும் குறுகியும் விரிந்தும் வந்திருக்கிறது. 1977இல் விமான நிறுவன ஊழியர் ஒருவர் சனிக்கிழமை ஓய்வுநாள் கேட்ட வழக்கில், சிறு செலவு நேர்ந்தாலே போதும், வேலை கொடுப்பவர் மறுத்துவிடலாம் என்ற பொருள்படத் தீர்ப்பு வந்தது. 46 ஆண்டுகள் அந்த அளவுகோல் நின்றது. 2023 ஜூனில், ஞாயிற்றுக்கிழமை பணி செய்ய மறுத்த அஞ்சல் ஊழியரின் வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் அளவுகோலை உயர்த்தியது. தொழிலின் தன்மையையும் அளவையும் நோக்க, கணிசமான கூடுதல் சுமை ஏற்படும் என்று காட்டினால்தான் மறுக்க முடியும் என்றது. சக ஊழியருக்கோ வாடிக்கையாளருக்கோ அந்த மதத்தின்மீது வெறுப்பிருப்பது சுமையாகாது என்றும் தெளிவுபடுத்தியது. நம்பிக்கையுள்ள தொழிலாளிக்கு இது நல்ல தீர்ப்பே.

ஆனால் மேற்சொன்ன இரு வழக்குகளிலும் கேட்கப்பட்டது என்ன என்பதைக் கவனியுங்கள். ‘எனக்கு ஒரு நாள் விடுமுறை தாருங்கள்’ என்பதே. விடுமுறை கொடுத்தால் முறை மாற்றிப் பணியமர்த்தும் தொல்லை நிர்வாகத்துக்கு. சற்றுக் கூடுதல் உழைப்பு சக ஊழியருக்கு. எவரும் எந்த வாயிலிலிருந்தும் திருப்பி அனுப்பப்படுவதில்லை. உடை மாற்றும் அறையின் முன் நின்ற ஊழியர் கேட்டதோ இதனின்றும் வேறுபட்டது. தாம் ஒன்றைச் செய்யாதிருக்க விலக்குக் கேட்பது ஒரு வகை. பிறர் செய்வதைத் தடுக்கும் அதிகாரத்தைக் கேட்பது வேறு வகை. இரண்டுக்கும் மனச்சாட்சி என்றே பெயர் சூட்டுவதால்தான் குழப்பம் விளைகிறது.

இடைப்பட்ட ஒரு வழக்கும் உண்டு. மிசிசிப்பி மாநில மருத்துவமனை ஒன்றில் ஊழியர் நல ஆலோசகராக இருந்த பெண்மணி, ஒருபால் உறவைப் பற்றி ஆலோசனை கூறத் தம் நம்பிக்கை இடம் தரவில்லை என்றார். நடுவர் குழு அவருக்குச் சார்பாகவே முடிவு கூறியது. ஆனால் 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஆலோசகர்கள் மிகச் சிலரே உள்ள நிலையில், இன்னின்ன மனிதர்களுக்கு மட்டும் பணி செய்வேன் என்பதை நிர்வாகம் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்றது. டெக்ஸாஸும் அதே நீதிமன்றத்தின் எல்லைக்குள் அடங்கியது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். அந்தப் பெண்மணி எவரையும் இழிவுபடுத்தவில்லை. விலகி நிற்கவே விரும்பினார். அவர் நிலை எனக்கு வருத்தமளிக்கிறது. பெரிய நிறுவனமாக இருந்திருந்தால் அவருக்கு வழி பிறந்திருக்கலாம். அளவைப் பொறுத்து நீதி மாறுகிறதே என்று நீங்கள் கேட்டால், ஆம், இவ்விஷயத்தில் மாறத்தான் செய்கிறது.

பேரங்காடி பெரிய நிறுவனம்தான். ஊழியரை வேறு பிரிவுக்கு, பணம் வாங்கும் மேசைக்கு, கிடங்குக்கு மாற்றியிருக்க முடியும். இத்தகைய தகராறுகளில் வேலை நீக்கம் முதல் மருந்தாக இருக்கக்கூடாது என்பதே என் கருத்து. ‘அந்த அறையின் வாயிலில் என்னை நிறுத்தாதீர்கள்’ என்று ஓர் ஊழியர் முன்கூட்டியே கேட்டால், அக்கோரிக்கையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ‘அங்கேதான் நிற்பேன், இன்னாரை விடமாட்டேன்’ என்றால் அதற்கு இடமளிக்கும் விதி எந்த நாட்டிலும் நிற்காது. அப்படி நின்றால், நாளை வேறொரு நம்பிக்கையுடைய ஊழியர் வேறொருவரை மறிப்பார். விதவையை மறிக்கும் நம்பிக்கைகூட உலகில் இருந்ததுண்டு.

2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், திருநரென்ற காரணத்தால் ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது பால் அடிப்படையிலான பாகுபாடே என்று தீர்ப்பளித்ததைப் பலர் இவ்விஷயத்தில் மேற்கோள் காட்டுகிறார்கள். அது ஊழியரைப் பற்றிய தீர்ப்பு, வாடிக்கையாளரைப் பற்றியதன்று. கழிவறை, உடை மாற்றும் அறை ஆகியவற்றைப் பற்றி இப்போது முடிவு கூறவில்லை என்று அத்தீர்ப்பே சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் பதவியேற்ற நாளிலேயே அந்நாட்டுக் குடியரசுத் தலைவர், மத்திய அரசு நிர்வாகத்தைப் பொறுத்தவரை பிறப்பின்படியான இரு பால்கள் மட்டுமே உண்டென்று ஆணை பிறப்பித்தார். பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில், தங்கள் நாட்டுச் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது உயிரியல் பாலையே குறிக்கும் என்று பொருள் கண்டது. ஆக, மேல்நாடுகளில் இது தீர்ந்துபோன விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். காற்று இரு பக்கமும் அடித்துக்கொண்டிருக்கிறது.

கதவும் தாழ்ப்பாளும்

சட்டத்தை விட்டு, தச்சனின் வேலைக்குச் சற்று வருவோம். 2016 ஏப்ரலில் ‘டார்கெட்’ என்ற மாபெரும் அங்காடித் தொடர், ஊழியரும் வாடிக்கையாளரும் தம் பால் அடையாளத்துக்கேற்ற கழிவறையையும் உடை மாற்றும் அறையையும் பயன்படுத்தலாம் என்று பகிரங்கமாக அறிவித்தது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. அங்கே வாங்க மாட்டோமென்று 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டதாக, இயக்கத்தை நடத்திய சமய அமைப்பு கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் இன்னோர் அறிவிப்புச் செய்தது. ஒருவர் மட்டும் நுழைந்து தாழிட்டுக்கொள்ளும் தனிக் கழிவறைகள் இல்லாத கடைகளில் அவற்றை அமைக்க 2 கோடி டாலர் செலவிடுவதாக அறிவித்தது. கொள்கையைக் கைவிடவில்லை; சுவரைக் கட்டியது.

எதிர்ப்பாளர்களும் ஆதரவாளர்களும் இதை அவரவர் வெற்றியென்று சொல்லிக்கொள்ளலாம். நான் அதை ஒரு நிர்வாகியின் கண்கொண்டு பார்க்கிறேன். மூன்றாமவராகிய அந்தப் பெண்ணின் அச்சத்துக்கு விடை, வாயிலில் நிற்பவரின் முகத்தேர்வில் இல்லை. அறையின் கட்டமைப்பில் இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை மறைப்பு, உள்ளே தாழ்ப்பாள், ஒருவருக்கு ஒரு கதவு என்று அமைந்துவிட்டால், அடுத்த அறையில் யார் இருக்கிறார் என்பது பெரும்பாலும் பொருளற்றுப் போகிறது. காலுக்குக் கீழே ஓரடி இடைவெளியும், இழுத்தால் விலகும் திரையும் உள்ள இடத்தில்தான் எல்லோருக்கும் எல்லோர்மீதும் ஐயம்.

நம் நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. 2015 ஏப்ரலில் கோவாவில் துணி வாங்கச் சென்ற மத்திய அமைச்சர் ஒருவர், உடை மாற்றும் அறையை நோக்கித் திருப்பப்பட்டிருந்த காமிராவைக் கண்டு புகார் செய்த செய்தி நாடெங்கும் பரவியது. உடை களையும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தனிக் குற்றமாக்கப்பட்டன. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 77ஆம் பிரிவு. காமிராவுக்கு ஆண் பெண் வேறுபாடு தெரியாது. திருநங்கையையும் அது படமெடுக்கும். கடைகளை ஆய்வு செய்யச் செல்லும் அலுவலர் தாழ்ப்பாளையும் மேற்கூரையையும் பார்த்தாலே மூவரையும் ஒருசேரக் காப்பாற்றியவராவார்.

நம் அரசியலமைப்பில் ‘கடை’

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். அமெரிக்கச் சட்டம் சில்லறைக் கடையை மறந்தது என்று சொன்னேனல்லவா? நம் அரசியலமைப்பு மறக்கவில்லை. 15ஆவது விதியின் 2ஆவது உட்பிரிவை எடுத்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணங்காட்டி மட்டும் எந்தக் குடிமகனுக்கும் தடை விதிக்கக்கூடாத இடங்களின் வரிசையில் முதலில் நிற்கும் சொல் ‘கடைகள்’ என்பதே. அரசை மட்டுமன்றித் தனியாரையும் கட்டுப்படுத்தும் விதி அது. தீண்டாமைக் கொடுமையைக் கண்முன் வைத்து எழுதப்பட்டது.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இவ்விதி விவாதத்துக்கு வந்தபோது, ‘கடை’ என்றால் எதுவரை, சலவைக் கடையும் முடிதிருத்தும் நிலையமும் அதில் அடங்குமா என்ற ஐயம் எழுப்பப்பட்டது. டாக்டர் அம்பேத்கர் அளித்த விளக்கத்தின் சாரம் இது: நாடி வருகிற எவருக்கும் தம் சேவையைத் தர முன்வந்து ஒருவர் திறந்து வைத்திருக்கும் இடமே கடை. இந்த விளக்கத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு உடை மாற்றும் அறையை நோக்குங்கள். அது கடைக்குள் இருக்கும் ஒரு மூலையன்று. கடைக்காரர் தர முன்வந்த சேவையின் ஓர் அங்கம்.

2014 ஏப்ரலில், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், 15ஆவது விதியிலுள்ள ‘பால்’ என்ற சொல் பால் அடையாளத்தையும் உள்ளடக்கும் என்று நம் உச்ச நீதிமன்றம் கூறியது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் பண்டம், சேவை, வசதி எதனையும் திருநருக்கு மறுப்பதை அதன் 3ஆவது பிரிவு தடை செய்தது. எழுத்தில் குறை காண்பது கடினம். செயலில்தான் குறை. 2025 அக்டோபரில், தனியார் பள்ளிகளில் வேலை இழந்த திருநங்கை ஆசிரியை ஒருவரின் வழக்கில், இச்சட்டத்தை உயிரற்ற எழுத்தாக விட்டுவைத்த அரசுகளின் மெத்தனத்தை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அவருக்கு இழப்பீடும் வழங்கச் செய்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘பிறர்’ என்று பதிவானோர் ஏறத்தாழ 4.88 லட்சம். பதிவு செய்யத் தயங்கியவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும். இவர்களில் எத்தனை பேர் துணிக்கடையில் சட்டை ஒன்றை அணிந்து பார்த்திருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. பலர் அளவைக் கண்ணால் மதிப்பிட்டு, விரைந்து பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறுவதை நானே கண்டிருக்கிறேன்.

ஊழியரின் நம்பிக்கைக்கு நம் அரசியலமைப்பில் இடமில்லையா? உண்டு. 25ஆவது விதி எல்லோருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. ஆனால் அவ்விதி தொடங்கும்போதே, பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கும், ‘இப்பகுதியின் பிற விதிகளுக்கும்’ உட்பட்டே அதைத் தருகிறது. அந்தப் பிற விதிகளில் 15ஆவதும் ஒன்று. அமெரிக்க நீதிபதிகள் பல்லாண்டுகளாக வழக்கு வழக்காக எடைபோட்டு வந்த தராசை, நம் முன்னோர் எழுதும்போதே ஒரு பக்கம் சாய்த்து வைத்துவிட்டனர்.

அதற்காக மனச்சாட்சியை நாம் மலிவாக மதித்ததில்லை. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், நாட்டுப்பண் இசைக்கும்போது எழுந்து மரியாதையுடன் நின்றார்கள். பாட மட்டும் மறுத்தார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கும்படி உத்தரவிட்டது. அந்தக் குழந்தைகள் வாய் மூடி நின்றார்கள். அடுத்த பிள்ளையின் வாயை மூடவில்லை. நம் சட்டம் காத்த மனச்சாட்சி அத்தகையது. தனியார் கடையில் வேலை செய்யும் தொழிலாளிக்கு, அமெரிக்காவில் உள்ளதுபோல் ‘இயன்றவரை இடமளி’ என்று கட்டளையிடும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது குறைபாடே. நம் ஊரில் அந்த ஊழியர் கோரிக்கை வைக்கும் நிலையில்கூட இருப்பதில்லை. மறுநாள் வரவேண்டாமென்று சொல்லிவிடுவார்கள்.

கடை ஊழியர்களுக்கு உட்கார்ந்துகொள்ளும் உரிமையையே கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத் திருத்தத்தின் மூலம் தரவேண்டியிருந்தது. நான் இளநிலை ஆய்வாளராக இருந்த நாட்களில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், உடை மாற்றும் அறையின் முன் நின்றிருந்த பெண்ணிடம் வேலை நேரத்தை விசாரித்தேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதுக்குத்தான் கால் மடங்கும் என்றார். ‘யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறாரா?’ என்று பேச்சுவாக்கில் கேட்டேன். ‘சொல்லமாட்டார் ஐயா. தப்பாகப் போனால் மட்டும் என்னைக் கேட்பார்’ என்றார்.

அந்தப் பதில் என் நினைவை விட்டு அகலவில்லை. சான் அன்டோனியோவிலாவது விதியென்று ஒன்று இருந்தது. தகராறு வந்தபோது மேலாளர் அதை எடுத்துச் சொன்னார். பணியில் சேரும் நாளிலேயே அதைச் சொல்லி, ‘உனக்கு இதில் சங்கடம் உண்டா?’ என்று கேட்டிருந்தால், இரண்டு இளைஞர்கள் ஒருவரையொருவர் காயப்படுத்த நேர்ந்திராது. நம் கடைகளிலோ எழுத்தில் எதுவும் இல்லை. வாடிக்கையாளருக்கு உள்ளே போகலாமா என்று தெரியாது. ஊழியருக்கு விடலாமா என்று தெரியாது. ஊழியரின் நம்பிக்கையோ கூச்சமோ வெறும் பழக்கமோ விதியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே கடை ஆய்வுக்குச் செல்லும் நண்பர்களுக்கு நான் சொல்வது சிறிய விஷயமே. சம்பளப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் கேட்கும்போது, உடை மாற்றும் அறைக்கு எழுத்தில் விதி உண்டா என்றும் கேளுங்கள். தாய்மொழியில் நாலு வரி போதும். திருநங்கையர் பெண்கள் பகுதியிலும் திருநம்பியர் ஆண்கள் பகுதியிலும் அறையைப் பயன்படுத்தலாம். தனித்திருக்க விரும்பும் எவருக்கும், அவர் யாராயினும், கேட்டால் தனி அறை தரப்படும். எவரிடமும் சான்று கேட்கப்படாது. வாயிலில் பணி செய்யச் சங்கடப்படும் ஊழியர் அதை முன்கூட்டிச் சொன்னால், ஊதியக் குறைவின்றி வேறு வேலை தரப்படும். ‘சான்று கேட்கப்படாது’ என்ற வரியை முதலாளிகள் எதிர்ப்பார்கள். ஏமாற்றிக்கொண்டு வருகிறவனை எப்படித் தடுப்பது என்பார்கள். ஏமாற்றுகிறவனைத் தடுக்கத் தாழ்ப்பாளும் குற்றவியல் சட்டமும் உள்ளன. சான்று கேட்கத் தொடங்கினால், குரல் கனத்த பெண்களையும் முடி குறுக வெட்டிய பெண்களையும்கூட வாயிலில் நிறுத்தி விசாரிக்க வேண்டிவரும்.

இந்த நாலு வரிகளில் கடைசி வரிதான் நடைமுறைக்குக் கடினமானது. இரண்டே ஊழியர்கள் உள்ள சிறு கடையில் வேறு வேலைக்கு எங்கே போவது? மிசிசிப்பி வழக்கின் சங்கடம் அங்கே அப்படியே திரும்பி வருகிறது. அதற்கு என்னிடம் ஆயத்த விடை இல்லை. சிறு கடைகளில் பணியாற்றியவர்கள் இந்த அவையில் சிலர் இருக்கிறீர்கள் என்று அறிகிறேன். அடுத்து வரும் கலந்துரையாடலை நீங்கள் தொடங்கிவைத்தால் நன்றாயிருக்கும்.